கால்நடை மருத்துவப் பட்டம் (மாதவரம்)

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வழங்கும் இளநிலைப் பட்டம். சுருக்கமாக பி.வி.எஸ்சி. & ஏ.எச். பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் வடசென்னையில், மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் உள்ளது. ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்துப் படிப்புக் காலம் ஐந்தரை ஆண்டுகள்.

சென்னையில் கால்நடை மருத்துவப் பாடத்தின் தொடக்கம் சைதாப்பேட்டை வேளாண் பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அப்பள்ளி தோன்றிய ஆண்டை 1868 என்பாரும் 1876 என்பாரும் உண்டு.

வேப்பேரியில் தனிக் கல்லூரி வந்தது 1903 அக்டோபர் 1 அன்று. ‘டாபின் ஹால்’ என்ற சிறிய கட்டடம், முதல் வகுப்பில் இருபது மாணவர்கள். வண்டி இழுக்கவும் சவாரிக்கும் குதிரையை நம்பியிருந்த காலம் அது. ஊர்ப்புறத்திலோ வெக்கை நோய் வந்தால் தொழுவங்கள் காலியாகிவிடும். (2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நோய் இது, மனிதர் அடியோடு ஒழித்த விலங்கு நோய்களில் முதலாவது.) படித்து முடித்தவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் ஜி.எம்.வி.சி. என்ற நான்கு எழுத்துகளைப் போட்டுக்கொண்டார்கள். ‘மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கிராஜுவேட்’ என்பது அதன் விரிவு. கையில் இருந்ததோ கல்லூரி தந்த டிப்ளமோதான். பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. கலைப் பாடம் படித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய வேகத்திலேயே பட்டம் கிடைத்துவிட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவரும் தேறிய ஆண்டு 1857 என்றும் 1858 என்றும் எழுதப்படுகிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் கற்றவர்கள் அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய ஆவணங்களில் கண்ணில் படும் அந்த நான்கு எழுத்துகளில் சற்றே ஒரு மிடுக்கும் தெரியத்தான் செய்கிறது.

1936-இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. டிப்ளமோ போய் பி.வி.எஸ்சி. வந்தது. இந்தியாவில் இத்தகைய இணைப்புப் பெற்ற முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதுவே என்று கல்லூரி வரலாறு கூறுகிறது. லாகூர் (1882), பம்பாய் (1886), கல்கத்தா (1893) கல்லூரிகள் வயதில் மூத்தவை என்பதால், ‘முதல்’ என்ற அடைமொழியைப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

1952-இல் இங்கு பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். 1976-இல் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்றது.

1989 செப்டம்பர் 20 அன்று தனிப் பல்கலைக்கழகம் உருவானது. இந்தியாவில் இத்துறைக்கென அமைந்த முதல் பல்கலைக்கழகம். இதன் பிறகே பட்டம் மாதவரத்தின் பெயரோடு சேர்ந்தது. ஆனாலும் சென்னை மாணவருக்கு வகுப்பறையும் மாட்டாஸ்பத்திரியும் இன்றும் வேப்பேரிதான். நாமக்கல் கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு முன்பே 1985-இல் தொடங்கியது.

மாதவரத்தைப் பொறுத்தவரை பட்டத்துக்கு முன்னால் வந்தது பால். கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து உதவியுடன் 1963-இல் இங்கு பால்பண்ணை நிறுவப்பட்டதாகக் குறிப்புகள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் பட்டம் பெறுவதற்கு வழங்கும் ‘கிராஜுவேஷன்’ என்ற சொல்லே கருவிகளில் இடும் அளவுக் கோடுகளையும் குறிக்கும். பால்பண்ணையில் அந்தப் பொருளுக்குத்தான் மதிப்பு. பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரின் தண்டில் கோடுகள் இருக்கும். நல்ல பசும்பாலில் அது ஏறத்தாழ 28-க்கும் 32-க்கும் இடையில் நிற்கும். தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து கருவி இன்னும் ஆழத்தில் அமிழும், எண் இறங்கும். கொழுப்பை எடுத்துவிட்டால் எண் ஏறும். அப்படி ஏறியதைத் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டும் தந்திரமும் பழையதுதான். அதனால் இந்த ஒரு கருவியை மட்டும் நம்பிப் பாலை எடைபோடுவதில்லை. கொழுப்பைத் தனியாகவும் சோதிப்பார்கள்.

மாதவரம் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டன. மீன்வளப் பட்டங்கள், 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாகப்பட்டினத்தில் அமைந்த தனிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன.