மூணு வருஷப் படிப்பும் நாலு வருஷக் கணக்கும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீ அமெரிக்கா போன கதையை எழுதுப்பா" என்றார்கள். என் சொந்தக் கதையில் சரக்கு கொஞ்சம்தான். ஆனால் நம் கல்லூரி பி.எஸ்ஸி. பட்டம் அமெரிக்கச் சட்டத்தின் தராசில் எப்படி நிறுக்கப்பட்டது என்பது நம்மில் பலருக்கும் பொதுவான சரித்திரம். அதையே எழுதுகிறேன்.

1946-ல் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் வருஷத்துக்கு 100 பேர். 1965-ல் வந்த புதிய சட்டம் நாடு வாரியான அந்தக் கணக்கை ஒழித்து, தொழில் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. நம் சீனியர்களில் பல டாக்டர்களும் என்ஜினீயர்களும் போனது அந்த வழியாகத்தான். தற்காலிக வேலைக்குப் போகிறவர்களுக்கு 1952-லிருந்தே எச்-1 விசா இருந்தது. 1990 சட்டம் எச்-1பி விசாவுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. வருஷத்துக்கு 65,000 என்று வரம்பும் வைத்தது. கூடவே ஒரு புதுச் சொல்லும் வந்தது: 'ஸ்பெஷாலிட்டி ஆக்குபேஷன்', அதாவது சிறப்பறிவு தேவைப்படும் தொழில்.

இங்கேதான் சூட்சுமம். ஆள் கெட்டிக்காரனா என்பது மட்டும் போதாது, வேலையும் தேற வேண்டும். அந்த வேலைக்கு வழக்கமாகவே பட்டம் தேவையா? அந்தத் துறையில் எல்லோரும் பட்டம் கேட்கிறார்களா? இந்தக் கம்பெனி எப்போதும் கேட்கிறதா? வேலையே அவ்வளவு நுணுக்கமானதா? இந்த நாலில் ஒன்றையாவது, மனுப் போடும் கம்பெனி நிரூபிக்க வேண்டும்.

நான் 1991-ல் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தேன். தி.நகர் உஸ்மான் ரோட்டில் மாடியில் இயங்கிய ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் கோபால் எழுதினேன். 2000-ம் வருஷப் பிரச்சினையை எண்ணி அமெரிக்கக் கம்பெனிகள் கோபால் ஆட்களைத் தேடிய காலம். 1998-ல் எனக்கும் அழைப்பு வந்தது. வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "உங்க டிகிரி மூணு வருஷம்தானா?"

அவர்கள் ஊரில் பட்டம் நாலு வருஷம். நமக்கு ஒரு வருஷம் குறை. அதற்கும் விதியில் ஒரு வழி உண்டு. குறைகிற ஒவ்வொரு வருஷப் படிப்புக்கும் மூன்று வருஷ அனுபவத்தை ஈடாகக் காட்டலாம். ஆனால் அது அந்தத் துறையின் நுணுக்கமான வேலையாக இருக்க வேண்டும். உடன் வேலை செய்தவர்களோ மேலதிகாரியோ பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும்.

முதலாளியிடம் சர்டிபிகேட் கேட்டேன். "நேர்மையானவர், கடும் உழைப்பாளி" என்று அன்போடு நாலு வரி அடித்துக் கொடுத்தார். வக்கீல் திருப்பி அனுப்பிவிட்டார். "நல்லவரான்னு யாரும் கேட்கலை. என்ன செஞ்சார்னு எழுதச் சொல்லுங்க." மறுபடி உட்கார்ந்தோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன புரோகிராம், எந்த மெஷின், கணிதப் படிப்பு எங்கே உதவியது, மேற்பார்வை செய்தவர் என்ன படித்தவர் என்று மூன்று பக்கம். சேப்பாக்கம் போய்ப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் வாங்கினேன். ஜெமினி மேம்பாலத்தருகே விடியற்காலை க்யூவில் நின்றபோது கையில் இருந்த ஃபைலின் கனம் இன்னும் நினைவிருக்கிறது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் என்னைவிட ஒரு படி மேல் புரோகிராமர். அவன் வேலை பார்த்த மயிலாப்பூர் கம்பெனி மூடிப்போனது. கடிதம் கொடுக்க ஆளில்லை. நாலு வருஷ உழைப்பு காகிதத்தில் பூஜ்யம். அவன் போகவில்லை. இன்றைக்கு அடையாறில் அவன் வீட்டு மாடியில் காபி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்வான், "டேய், திறமைக்கு ரசீது வாங்க மறந்துட்டேன்." எனக்குத்தான் சிரிப்பு வராது.

புரோகிராமர் என்ற பெயருக்கே பிறகு சோதனை வந்தது. 2000 டிசம்பரில் நெப்ராஸ்கா மையத்துக்கு வந்த குறிப்பு, அந்த வேலை பொதுவாகத் தேறும் என்றது. 2017 மார்ச் 31 அன்று அது ரத்தானது. இரண்டு வருஷப் படிப்போடும் சிலர் புரோகிராமராக இருக்கிறார்களே என்பது வாதம். இன்னோவா சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனி ஓர் இந்தியருக்காகப் போட்ட மனு இப்படித்தான் தள்ளுபடியானது. வழக்கு நடந்து, 2020 டிசம்பரில் ஒன்பதாவது வட்ட அப்பீல் கோர்ட் அந்த மறுப்பைச் செல்லாதென்றது. 2021 பிப்ரவரியில் 2017 குறிப்பும் போனது. 2025 ஜனவரியில் அமலான விதி, 'வழக்கமாக' என்றால் 'எப்போதும்' என்று பொருளல்ல என்று எழுதியே வைத்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று பிரகடனமும் வந்தது. கதவு திறக்கும், மூடும். நம் கையில் இல்லை.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, நம் கையில் இருப்பது ஒன்றுதான். எங்கே வேலை பார்த்தாலும் வெளியே வரும்போது, பதவிப் பெயரை மட்டும் அல்ல, செய்த வேலையையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். பாடத்திட்டப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அமெரிக்கா போனாலும் சரி, மயிலாப்பூரிலேயே இருந்தாலும் சரி, என்றைக்காவது யாராவது கேட்பார்கள்.

வாழ்க நம் கல்லூரி!