வீட்டுக்குள்ளே ஒரு ஒலிம்பியாட்: பாதித் தங்கத்தின் கதை

2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குதிரைத் தலையோடு வேட்டி சட்டை கட்டிக்கொண்டு நின்ற 'தம்பி' சின்னத்தை மறக்க முடியுமா? ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, அரங்கமே இல்லாமல் ஒரு ஒலிம்பியாட் நடந்தது. அதில் இந்தியா தங்கம் வாங்கியது. அந்தத் தங்கம் சரியா தவறா என்று அப்போது பலர் சண்டை போட்டார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தூரத்தில் இருப்பவரோடு செஸ் ஆடுவது இணையம் வந்த பிறகு தோன்றிய பழக்கம் இல்லை. 1824-ல் லண்டன் செஸ் கிளப்பும் எடின்பரோ செஸ் கிளப்பும் தபாலில் ஆட ஆரம்பித்தன. முடிய 1828 ஆகிவிட்டது! தந்தி வந்ததும், 1897-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கடலடித் தந்திக் கம்பி வழியாக ஐந்து ஆட்டங்கள் ஆடி, சமமாக முடித்தார்கள். 1945 செப்டம்பரில், உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் வானொலி வழியாக 10 போர்டுகளில் மோதின. சோவியத் அணி 15.5 - 4.5 என்று நொறுக்கித் தள்ளியது.

இந்த ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு பொதுவான விஷயம் உண்டு. கம்பி அறுந்தால் ஆட்டம் காத்திருக்கும். கடிதம் தாமதமானால் யாரும் தோற்றுவிட மாட்டார்கள். 2020-ல் அந்த வசதி இல்லை.

அந்த வருடம் ஆகஸ்டில் ரஷ்யாவில் நடக்க வேண்டிய ஒலிம்பியாட் கொரோனாவால் தள்ளிப்போனது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே சும்மா இருக்கவில்லை. ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 30 வரை செஸ்.காம் தளத்தில் ஆன்லைன் ஒலிம்பியாட் என்று அறிவித்தது. 160-க்கும் மேற்பட்ட அணிகள்! எப்படிச் சமாளித்தார்கள்?

ஒன்று, அணிகளைப் படிப்படியாக டிவிஷன்களாகப் பிரித்தார்கள். கீழ் டிவிஷனில் ஜெயித்தவர்கள் மேலே ஏறி வர, பெரிய நாடுகள் கடைசியில் டாப் டிவிஷனில் சேர்ந்துகொண்டன. இரண்டு, வழக்கமான ஒலிம்பியாட் போல மணிக்கணக்கில் ஆடாமல் ரேபிட் முறை. ஒருவருக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல். மூன்று, வீட்டில் உட்கார்ந்து ஆடுபவர் கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடாமல் பார்க்க கேமரா, ஜூம் கூட்டம், அதில் நடுவர்கள். நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு அணிக்கு ஆறு போர்டு. இரண்டு பொதுப் பிரிவு, இரண்டு பெண்கள், 20 வயதுக்குட்பட்ட பையன் ஒருவர், பெண் ஒருவர்.

வழக்கமான ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவு தனி. இங்கே ஆனந்த் எடுக்கும் புள்ளியும் 14 வயது திவ்யா தேஷ்முக் எடுக்கும் புள்ளியும் ஒரே எடை. இது இந்தியாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. கேப்டன் விதித் குஜராத்தி, ஆனந்த், ஹரிகிருஷ்ணா, ஹம்பி, ஹரிகா ஒரு பக்கம்; பிரக்ஞானந்தா, வைஷாலி, நிகால் சரின், திவ்யா என்று இளசுகள் இன்னொரு பக்கம். பலமான சீனாவை 4-2 என்று வென்றபோது, வெற்றி தந்த இரண்டு பேர் பிரக்ஞானந்தாவும் திவ்யாவும்தான்.

இனிமேல்தான் பிரச்சினை. ஆகஸ்ட் 28, காலிறுதி, எதிரணி ஆர்மீனியா. நிகாலோடு ஆடிக்கொண்டிருந்த மார்ட்டிரோசியனின் இணைப்பு துண்டானது. நேரம் முடிந்து புள்ளி இந்தியாவுக்கு வந்தது. ஆர்மீனியா மேல்முறையீடு செய்தது, நிராகரிக்கப்பட்டது. இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது விதி. கோபத்தில் ஆர்மீனியா இரண்டாவது சுற்றை ஆடாமலே விலகியது.

அரையிறுதியில் போலந்திடம் முதல் சுற்றைத் தோற்று, இரண்டாவதை வென்று, கடைசியில் ஒரே ஒரு ஆர்மகெடான் ஆட்டத்தில் ஹம்பி காப்பாற்றினார்.

ஆகஸ்ட் 30, இறுதிப் போட்டி, ரஷ்யா. முதல் சுற்றில் ஆறு ஆட்டமும் டிரா. இரண்டாவது சுற்றில் நிகால், திவ்யா இருவரின் இணைப்பும் போனது. இருவரும் நேரத்தில் தோற்றார்கள். ரஷ்யா 4.5 - 1.5. இந்த முறை மேல்முறையீடு செய்தது நாம். அன்றைக்கு சென்சுரிலிங்க் நிறுவனத்தின் வலையமைப்பு பழுதாகி, கிளவுட்ஃப்ளேர் உட்படப் பல சேவைகள் உலகின் பல நாடுகளில் தடுமாறின. மேல்முறையீட்டுக் குழுவால் ஒருமனதாக முடிவெடுக்க முடியவில்லை. ஃபிடே தலைவர் துவார்கோவிச் இரண்டு அணிக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

நமக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஒரு ஆர்மீனியக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது? "எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

நான் யோசித்துப் பார்த்தது இது. ஒரு வீட்டு லைன் போவதும், பல நாடுகளைப் பாதித்த பழுதும் ஒன்றல்ல. எங்கள் திருவண்ணாமலையில் தீபத்தன்று லட்சக்கணக்கான கூட்டத்தில் போன் கிடைக்கவில்லை என்றால், அது என் போனின் குற்றம் ஆகுமா? அதே சமயம் கணக்கையும் பாருங்கள். அந்த இரண்டு ஆட்டங்களை எடுத்துவிட்டால் மீதி நான்கில் ரஷ்யா 2.5, இந்தியா 1.5. அதாவது ரஷ்யாதான் முன்னிலை. இரண்டும் ஜெயித்திருந்தால் இந்தியா, இரண்டும் டிரா என்றால் ரஷ்யா. யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் பங்கு போட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

குறை எங்கே என்றால், இந்த வித்தியாசத்தை விதியில் முன்கூட்டியே எழுதி வைக்காததில். உலகம் முழுக்க வலை போனால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதியிருந்தால், இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரித் தீர்ப்பு என்ற பேச்சே வந்திருக்காது. நம் கல்லூரியில் சின்னதாக ஒரு ஆன்லைன் போட்டி வைத்தாலும் இது பொருந்தும். பரிசுக் கோப்பை வாங்கும் முன்பு, கரண்ட் போனால் என்ன என்பதை எழுதி வையுங்கள்.

பின்கதை: 2021 ஆன்லைன் ஒலிம்பியாடில் இந்தியாவுக்கு வெண்கலம். 2022-ல் மாமல்லபுரத்தில் இந்திய 'பி' அணியும் பெண்கள் அணியும் வெண்கலம். 2024-ல் புடாபெஸ்டில் பொது, பெண்கள் இரண்டு பிரிவிலும் தங்கம். அந்தத் தங்கங்களை யாரோடும் பங்கு போட வேண்டியிருக்கவில்லை.

சரி, நீங்கள் நடுவராக இருந்திருந்தால் ஆகஸ்ட் 30 அன்று என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்?