வாவியைக் கடந்த வீட்டுச் சாமான்கள்

மட்டக்களப்பு வாவி சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும் மறையும் கரையைப் படுவான்கரை என்றும் பிரித்து நிற்பதால், நெல் விளையும் மேற்குக் கரைக்கும் சந்தையும் பட்டினமும் அமைந்த கிழக்குக் கரைக்கும் இடையே குடிபெயர்ந்தோர் பாய், பெட்டி, உரல், உலக்கை யாவற்றையும் நீர்வழியே கொண்டுசெல்ல நேர்ந்தது. அதற்குத் தோணியும், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் தட்டையான மிதவையான ‘பாதை’யும் உதவின. பயணவழிக்குரிய சொல்லே வாகனத்துக்கும் பெயரானது இப்பகுதி வழக்கின் அழகு. உரல் போன்ற பாரமானவை தோணியின் நடுவே அடியில் அமர்த்தப்பட, நனையக்கூடாத பாயும் துணிமூட்டையும் மேலே ஏறின. பாரம் ஒருபுறம் சரிந்தால் தோணி கவிழும் என்பதால் ஏற்றும் ஒழுங்கு உயிர்காக்கும் ஒழுங்காகவும் இருந்தது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வேறு வீட்டுக்கு மாறும் வழக்கமும் இங்குண்டு. ஆகவே இடமாற்றம் வறுமையின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. வாவியின் குறுக்கே கல்லடியில் 1924இல் பாலம் அமைந்தபோதும், மண்முனைத்துறை 2014 வரை பாதையையே நம்பியிருந்தது.