ரூக்கியே தொகுதிகள்

பின்னல் குலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சங்கிலித் தொகுதியை ரஃபாயேல் ரூக்கியே 2004இல் இணைத்தார். அடுத்தடுத்த இரு இழைகள் ஒருமுறை குறுக்கிட்டால் அதற்குரிய தொகுதியில் உறுப்புகள் இரண்டே. ஒன்று, இழைக்கொரு மாறி கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையம். மற்றது, அவ்விரு மாறிகளை இடம் மாற்றினாலும் மாறாத கோவைகளின் மீது அவ்வளையத்தைத் தன்னோடே டென்சர் பெருக்கிப் பெறும் சோர்கெல் இருபக்க மாடியூல். மாடியூலிலிருந்து வளையத்துக்குச் செல்லும் கோர்த்தல் வெறும் பெருக்கல்தான். எதிர்க் குறுக்கீட்டில் அம்பு திரும்புகிறது. இரு தொகுதிகளையும் டென்சர் பெருக்கினால் ஹோமோடோபி அளவில் வளையமே எஞ்சுகிறது.

ஹெக்கே இயற்கணிதமே பின்னல் உறவுகளைக் காட்டும்போது இந்தச் சுமை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தொகுதியின் ஆய்லர் குறியெண் அந்த இயற்கணிதத்தின் உறுப்பைத்தான் தருகிறது. ஆனால் கூட்டிக் கழிக்கையில் கோர்த்தல்கள் தொலைகின்றன. ஹெக்கே வழிவந்த புராவ் உருவகிப்பு 5 இழைகளிலேயே வெவ்வேறு பின்னல்களை ஒன்றாக்கிவிடுகிறது. ரூக்கியே தொகுதிகளோ எந்த இரு பின்னல்களையும் குழப்புவதில்லை. கோவனோவும் சைடலும் 2002இல் நிறுவிய முடிவிலிருந்து இது பெறப்படும். எலியாஸும் வில்லியம்சனும் சோர்கெல் ஊகத்துக்கு 2014இல் வெளியிட்ட நிறுவலிலும் கடின லெஃப்ஷெட்ஸ் படிக்கு இத்தொகுதிகளின் முதல் கோர்த்தலே ஊன்றுகோலானது.