விரலுறை: வளைகுடா முத்துக்குளிப்பின் ஒரு சிறு கருவி

இன்று ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத் என்று அறியப்படும் நாடுகளின் முத்துத் தொழிலைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் முத்தின் விலையையும், வணிகர்களின் கடனேடுகளையும், படகுகளின் எண்ணிக்கையையும் விரிவாகப் பேசுகின்றன; ஆனால் கடலடிப் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுத்த மனித விரல்களை அவை ஒன்றிரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. அந்த விரல்களைக் காப்பதற்கென்று வளைகுடாவின் குளியாளர்களிடம் ஒரு கருவி இருந்தது. அது விரலின் மேற்பகுதியை மட்டும் மூடும் தோலுறை. அரபு மொழியில் அதைக் ‘கபத்’ என்பர். குளியாளரின் உடைமைகளில் மிகச் சிறியது அதுவே என்றாலும், அந்தத் தொழில் எந்த அளவுக்குக் கைகளை நம்பி நடந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

தொழிலின் பரப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் இந்திய அரசின் அதிகாரியான ஜே. ஜி. லோரிமர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த வளைகுடா விவரத் திரட்டின்படி, பிற்காலத்தில் அமீரகமாக ஒன்றிணைந்த கரையிலிருந்து மட்டும் சுமார் 1,200 படகுகளும் 22,000 பேரும், பஹ்ரைனிலிருந்து 900க்கு மேற்பட்ட படகுகளும் 17,500க்கு மேற்பட்டவர்களும் முத்துக்குளிப்புக்குச் சென்றனர். கரையோர ஊர்களில் உடல்வலிமையுள்ள ஆண்களில் பெரும் பகுதியினர் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடித்த ‘பெருங்குளிப்பு’க் காலம் முழுவதும் கடலிலேயே கழித்தனர் என்பதே இதன் பொருள். அவர்கள் சென்றது ‘ஹைர்’ எனப்பட்ட சிப்பித் திட்டுகளுக்கு. தூத்துக்குடி, மன்னார்க் கரைகளில் ‘பார்’ என்று வழங்குவதும் இத்தகைய கடலடித் திட்டையே.

படகின் தலைவர் நாகுதா. அவருக்குக் கீழே குளியாளர்களும், அவர்களுக்கு ஆளுக்கு ஒருவராகக் கயிறு இழுப்பவர்களும், கைவேலைகளைக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களும் இருந்தனர். இழுப்பவருக்கு ‘சைப்’ என்று பெயர். ஒரு முழுக்கு இவ்வாறு நடந்தது. குளியாளர் படகின் பக்கவாட்டில் நீரில் மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொள்வார்; கழுத்தில் நூலில் தொங்கும் கவ்வியால் மூக்கை மூடுவார்; எடைக்கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் ஒரு காலை நுழைத்துக்கொள்வார். கயிறு தளர்த்தப்பட்டதும் கல்லின் எடை அவரை நேரே கீழே கொண்டுசெல்லும். பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் வரையான அந்த ஆழத்தை அடைந்ததும் அவர் வளையத்திலிருந்து காலை விடுவித்துக்கொள்வார்; மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கழுத்தில் மாட்டிய கயிற்றுவலைக் கூடையோடு குளியாளர் தரையை ஒட்டி நகர்ந்து, எட்டிய சிப்பிகளையெல்லாம் பெயர்த்துக் கூடையில் போடுவார். மூச்சு முட்டும் நேரத்தில் தன் கயிற்றை ஒரு முறை சுண்டுவார். இவை அனைத்தும் ஒரு நிமிடத்தில், அல்லது அதற்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடிய வேண்டும். ஒரே நாளில் இதைப் பல பத்து முறை திரும்பச் செய்ய வேண்டும்.

விரலுக்கு வந்த ஆபத்து சிப்பியின் உடலமைப்பிலேயே இருந்தது. வளைகுடாவின் முத்துச்சிப்பி பிங்க்டாடா ரேடியாட்டா என்னும் இனம். அது தன் உடலிலிருந்து சுரக்கும் நூல்கற்றையால் பாறையையோ பவளத்தையோ பக்கத்துச் சிப்பியையோ இறுகப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் இடுக்கில் விரல்நுனியைச் செலுத்தித் திருகி, அந்த நூல்கற்றையை அறுத்துப் பெயர்க்க வேண்டும். வளரும் சிப்பியின் விளிம்பில் செதில் செதிலாக நீண்டிருக்கும் ஓட்டுத்துணுக்குகள் மெல்லியவை, உடையக்கூடியவை, கத்திபோல் கூர்மையானவை. சிப்பி ஒட்டியிருக்கும் பாறையும் வழவழப்பானதன்று. பவளமுனைகளும் கடல் முள்ளெலிகளும் அதே இடுக்குகளில்தான் இருந்தன. இவற்றோடு, காலை முதல் நீரில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகி, எளிதில் கிழியும் நிலைக்கு வந்துவிடும். ஒரு முறை கீறிய விரல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உப்புநீரில் முழுக வேண்டியிருந்ததால், பருவம் முடியும்வரை ஆற வழியின்றிப் புண்ணாக நின்றது. குளியாளர்களின் நோய்களாகக் காதுச்சவ்வு கிழிதல், கண்ணழற்சி, நுரையீரல் கோளாறு ஆகியவையே அதிகம் எழுதப்பட்டிருக்கின்றன. நாள்தோறும் முழுக்குக்கு முழுக்கு நேர்ந்த சேதம் விரலில்தான் நேர்ந்தது.

கபத்தின் வடிவம் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. அது முழுக் கையுறையாக இல்லாமல் விரலளவில் நின்றதைப் பொருட்குறை என்று எண்ணிவிடக் கூடாது. கலங்கிய நீரிலும், பாறையின் அடிப்பக்கத்திலும், குளியாளர் கண்ணைவிடத் தொடுவுணர்வையே அதிகம் நம்ப வேண்டியிருந்தது. கைமுழுவதையும் மூடும் தோல் நீரில் ஊறிக் கனத்துவிடும். விரல்கள் மடங்குவதைத் தடுக்கும். நீர் உள்ளே புகுந்தால் வழுக்கி நழுவும். விரலின் முனைப்பகுதியை மட்டும் மூடும் உறையோ சிப்பியின் விளிம்பு படும் இடத்தைக் காத்து, உள்ளங்கையையும் மணிக்கட்டையும் தம் இயல்பில் விட்டுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை சிப்பி என்பதே வருமானத்தை முடிவுசெய்த தொழிலில், பாதுகாப்பு என்பது வேகத்தைக் குறைக்காத பாதுகாப்பாக இருந்தாலன்றி எவரும் அதை அணிந்திருக்கமாட்டார்.

மூக்குக் கவ்வியையும் இதோடு சேர்த்தே நோக்க வேண்டும். ‘ஃபிதாம்’ எனப்பட்ட அக்கவ்வி ஆட்டுக்கொம்பு, ஆமையோடு, மரம் ஆகியவற்றில் செய்யப்பட்டது. அதன் பயன் நீர் ஏறாமல் தடுப்பதோடு முடியவில்லை. இரண்டு கைகளையும் வேலைக்கு விடுவித்ததே அதன் பெரும்பயன். இந்த வேறுபாடு இலங்கையின் முத்துச் சலாபங்களில் கண்கூடாகத் தெரிந்தது. சலாபம் என்பது அரசின் மேற்பார்வையில் குறிப்பிட்ட நாள்களில் நடந்த முத்துக்குளிப்பு. மன்னார்க் கடலின் பருவம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வளைகுடாவின் பருவம் ஜூனுக்குப் பின் என்று அமைந்ததால், 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபங்களுக்கு வளைகுடா அரபுக் குளியாளர்கள் கடல் கடந்து வந்து, தூத்துக்குடிப் பரதவர்களோடும் கீழக்கரை முஸ்லிம்களோடும் ஒரே பாரில் மூழ்கினர். 1905ஆம் ஆண்டின் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அங்கே அரபுக் குளியாளர் கவ்வி அணிந்து இறங்க, தமிழ்க் குளியாளர் விரல்களால் மூக்கைப் பிடித்தபடியே இறங்கினார் என்பதை அக்காலப் பார்வையாளர்கள் குறித்துள்ளனர். இரு கரைகளிலும் கல், கயிறு, கூடை, மேலிருந்து இழுப்பவர் என்று எல்லாம் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, கைகளுக்கு எவ்வளவு சுதந்திரம், எவ்வளவு கவசம் என்பதில் மட்டும் மரபுகள் பிரிந்தன. தமிழ்நாட்டின் முத்துக்குளிப்பு வரலாற்றைக் கொற்கையின் புகழோடு நிறுத்திவிடாமல், இவ்வகைக் கருவிகளை வைத்தும் ஒப்பிட்டு எழுதுவது மிகவும் வேண்டப்படும் பணி.

கருவிகளின் பழமை வியப்பளிக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல் மசூதி, வளைகுடாக் குளியாளர்கள் ஆமையோட்டாலோ கொம்பாலோ ஆன கவ்வியை மூக்கில் பொருத்திக்கொள்வதையும், காதில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை வைப்பதையும் எழுதியிருக்கிறார். 14ஆம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதாவும் கவ்வியையும் இடுப்புக் கயிற்றையும் விவரிக்கிறார். 1939இல் ஆஸ்திரேலியக் கடலோடி ஆலன் வில்லியர்ஸ் குவைத் முத்துப் படகுகளில் கண்ட தொழில்முறையும் பெரிதும் மாறியிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகள் ஒரு தொழில் மாறாமல் இருந்ததைக் கண்டு அதைப் பின்தங்கிய தொழில் என்று முடிவுகட்டியவர் பலர். அது தவறான முடிவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, காற்றுக்குழாயோடு கூடிய முழுக்கு உடையையும் இயந்திரங்களையும் கொண்டு இந்தத் திட்டுகளில் இறங்க வெளிநாட்டு முதலாளிகள் முயன்றனர். கரையோர ஆட்சியாளர்களும் மக்களும் அதை உறுதியாக எதிர்த்தனர். முத்துத் திட்டுகள் வளைகுடா அரபுகள் அனைவருக்கும் பொதுவானவை என்ற மரபுரிமையைப் பிரிட்டிஷ் அரசும், தன் அரசியல் நலன் கருதியே என்றாலும், ஏற்று வெளியாரை விலக்கிவைத்தது. இயந்திரம் வந்திருந்தால் ஒரு சில நிறுவனங்களின் கைக்குத் திட்டுகள் போயிருக்கும். பல்லாயிரம் பேரின் பிழைப்பு ஒரு பருவத்திலேயே முடிந்திருக்கும். கல்லும் கவ்வியும் விரலுறையும் நீடித்ததற்கு இந்த எதிர்ப்பு ஒரு முக்கியமான காரணம்.

படகின் மேல்தளத்திலும் விரல்கள் வருந்தின. ஒவ்வொரு முழுக்குக்கும் முதலில் கல்லையும் பிறகு குளியாளரையும் இழுத்தெடுத்த சைபின் கைகளில் நனைந்த கயிறு நாள்முழுதும் உராய்ந்தது. கயிறு தாமதமானால் கீழிருப்பவரின் உயிர் போகும் என்பதால் அவர் வலிக்காகப் பிடியைத் தளர்த்த முடியாது. இறுகும் கயிறு விரலை அறுப்பது எங்கும் உள்ள துன்பம்தான். 

இத்தனை உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் கடனால் கட்டுண்டிருந்தது. பருவத்தின் வருமானத்திலிருந்து உணவு முதலான செலவுகளைக் கழித்தபின், குளியாளருக்கு மூன்று பங்கும் இழுப்பவருக்கு இரண்டு பங்கும் என்பது பரவலான வழக்கு. ஆனால் பருவத் தொடக்கத்திலும் குளிர்காலத்திலும் வாங்கிய முன்பணம் அந்தப் பங்கை விழுங்கிவிட, பலர் ஆண்டுக்கு ஆண்டு அதே நாகுதாவிடம் திரும்ப வேண்டியிருந்தது. தந்தையின் கடன் மகன்மேல் ஏறியதும் உண்டு. மரிச்சுக்கட்டியில் குளியாளர்கள் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களிடமே விடப்பட, எஞ்சியதை அரசு ஏலம் விட்டது. இரண்டு முறைகளிலும் குறைகள் இருந்தன என்றாலும், கண்ணெதிரே தன் பங்கைப் பெற்றுக்கொள்பவருக்கும், எழுதப்படிக்கத் தெரியாத நிலையில் பிறர் எழுதிய கணக்கை நம்ப வேண்டியவருக்கும் உள்ள வேறுபாடு பெரியது. 1920களில் பஹ்ரைனில் ஒவ்வொரு குளியாளருக்கும் தனிக் கணக்கேடு வேண்டும் என்ற சீர்திருத்தம் வந்ததும், 1932இல் அங்கே குளியாளர்கள் கலகத்தில் இறங்கியதும், 1940இல் குவைத் முத்துக்குளிப்புக்கென்று சட்டம் இயற்றியதும் இந்த வேறுபாட்டின் விளைவுகளே.

சட்டங்கள் வந்த வேளையில் தொழில் சரிந்துகொண்டிருந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி வளர்த்தெடுத்த செயற்கைமுறை முத்துகள் 1920களில் உலகச் சந்தைக்குள் நுழைந்தன. 1929இன் பொருளாதார வீழ்ச்சி நகை வாங்குவோரைக் குறைத்தது. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், மாதச் சம்பளம் தரும் வேலை கரையிலேயே கிடைக்கத் தொடங்கியது. கடனுக்காகக் கடலுக்குச் சென்றவர்கள் எண்ணெய் வேலைக்கு மாறியதில் வியப்பில்லை. மன்னார்க் கடலிலும் முடிவு தள்ளிப்போனதே தவிரத் தவிர்க்கப்படவில்லை; 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த சலாபங்களுக்குப் பிறகு அங்குப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

முத்துத் தொழிலின் நினைவைக் காக்கும் முயற்சிகள் வளைகுடாவில் இன்று பல. அபுதாபியின் மராவா தீவில் கிடைத்த, ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையுடைய முத்து 2019இல் மக்கள் பார்வைக்கு வந்தது. பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் வணிகர் மாளிகைகளும் குளியாளர் வீடுகளும் கடலடித் திட்டுகளும் சேர்ந்த தொகுதி 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றில் மாளிகைகளைவிடக் குளியாளர் வீடுகளைச் சேர்த்துக்கொண்டதே பாராட்டத்தக்கது. ஏனெனில் கற்சுவரும் மரக்கதவும் தாமாகவே நிலைத்துவிடும், உழைத்தவரின் உடைமைகளோ எவரேனும் கருதிச் சேர்த்தால்தான் தப்பும். நனைந்து காய்ந்து இறுகி வெடிக்கும் தோல் அவற்றில் எளிதில் அழிவது. குவைத்தில் 1986 முதல் நடத்தப்பட்டுவரும் முத்துக்குளிப்பு விழாவில் இளைஞர்கள் பழைய முறையிலேயே மரப்படகுகளில் சென்று, கயிற்றின் துணையோடு மூழ்கிச் சிப்பி எடுத்து வருகின்றனர்.