கூலியா? கூரையா?



தொழிலாளிக்குப் பெரிது கூலியா, கூரையா? கூலி இருந்தா கூரையை வாங்கிக்கலாம்னு எதிரணித் தம்பி அடிச்சுப் பேசினார். தம்பி, சம்பளம் வாங்கி இருபது வருஷமாச்சே, வீடு வாங்கிட்டீங்களா? வீட்டுக்காரர் கூட்டத்துல இருந்தா கொஞ்சம் கையைத் தூக்குங்க! (சிரிப்பு)

விளையாட்டு இருக்கட்டும். வரலாற்றுக்கு வருவோம். கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்டத் தொடங்கியது. பாறையை உடைக்கப் போனவன் யார்? பெரும்பாலும் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் போன நம்ம ஆளு. துரைமார்களுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப்பு. இவனுக்கு மூங்கில் தட்டி அடைத்த குடிசை. பிறகு வரிசை வரிசையாக ஒற்றை அறை லைன் வீடு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. எதற்கு? சுரங்க இயந்திரம் ஓட! மனுஷன் குடியிருக்கும் லைனுக்கு அல்ல. (கைதட்டல்)

"அந்தக் கூரை கம்பெனி கட்டிய கயிறுதானே? வேலை போனா வீடும் போச்சே" என்று கேட்பீர்கள். உண்மை, ஒத்துக்கிறேன். ஆனால் அதே லைனில் ஒரு வீட்டுச் சோறு நாலு வீட்டுக்குப் போனது. சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்ததால் ஒருவன் துயரம் அடுத்தவன் காதில் விழுந்தது. 1930-ல் எல்லாரும் கைரேகை வைத்துப் பதியணும் என்று நிர்வாகம் சொன்னபோது, சங்கம் வலுப்பெறாத அந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கூலி கொடுத்தவன் அவர்களை எண்ணாகப் பார்த்தான். கூரைதான் அவர்களை ஊராக்கியது.

இப்ப ரெண்டு ஊரை ஒப்பிட்டுப் பாருங்கய்யா. கர்நாடகத்தில் குதிரேமுக். இரும்புத்தாது வெட்டுவதற்காகவே மலையில் எழுந்த கம்பெனி ஊர். உச்சநீதிமன்ற ஆணைப்படி 2005 முடிவில் சுரங்கம் நின்றது. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போனது. பெரும்பாலான குடும்பங்கள் கிளம்பின, தெருக்கள் வெறிச்சோடின. தங்கவயல்? மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அங்கேயும் கூலி நின்றது. ஆனால் ஜனங்கள் லைன் வீட்டை விடவில்லை. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய் உழைத்துவிட்டு, இரவு அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ரெண்டு ஊரிலும் கூலி செத்தது. கூரையை விடாத ஊர் பிழைத்தது. (பலத்த கைதட்டல்)

நான் அங்கே போயிருந்தபோது ஒரு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாங்க. வாசலில் நிமிர முடியாமல் குனிந்து போனேன். "ஏம்மா, மகன் பெங்களூர்ல சம்பாதிக்கிறானே, அங்கேயே போயிடலாமே?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் குழிக்குள்ள போனா திரும்பி வருவாரோ மாட்டாரோன்னு இந்தத் திண்ணையிலதாங்க சாமி காத்திருந்தேன். இதை விட்டுட்டு எங்கே போவேன்?" என்றார். எனக்குப் பேச்சு வரலை.

அந்த வீட்டை எங்கள் பெயருக்கு எழுதித் தாருங்கள் என்று எத்தனையோ ஆண்டுகளாக அவர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். பூமிக்கடியில் போய்ப் பொன் எடுத்துக் கொடுத்தவன், பூமிக்கு மேலே பத்தடிக்குப் பத்தடி கேட்பது பேராசையா?

கூலி வயிற்றுக்கு. கூரை வம்சத்துக்கு. அந்தக் கூரையும் இரவலாக இல்லாமல் உரிமையாக வேண்டும். ஆகவே, தொழிலாளிக்குப் பெரிது கூரையே என்று கூறி அமர்கிறேன்.