அமைதிப்படையும் பெண்களின் சாட்சியமும்

‘அமைதிப்படை’ என்ற சொல் தமிழர் செவியில் ஒரு விதமாகவும் பிறர் செவியில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. அணுசக்தி நகர்க் குடியிருப்பில் ஒரு மாலைப்பொழுது இதனை நாம் நேரிலே கண்டோம். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் பணியில் நம் நாட்டுப் படையினர் ஆற்றிவரும் தொண்டினை மராத்திய நண்பர் ஒருவர் பெருமிதத்தோடு விவரித்துக்கொண்டிருந்தார். அப்பெருமிதத்துக்கு இடமும் உண்டு. 1960ஆம் ஆண்டு தொடங்கிக் காங்கோ நாட்டில் உயிர் ஈந்த நம் வீரர் சிலர் அல்லர். ஆனால், யாழ்ப்பாணத்திற் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட அம்மையார் ஒருவர், பேச்சின் நடுவே எழுந்து உள்ளே சென்றுவிட்டார். அவர் மௌனத்தின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய-இலங்கை உடன்பாடு கையொப்பமாயிற்று. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அக்டோபர் மாதம் 10ஆம் நாள் புலிகளோடு போர் மூண்டது. காவலுக்கு வந்த படை தாக்கும் படையாக மாறியது. 1990 மார்ச்சில் அது திரும்பும் முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க அந்நாளைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை என்பது நேயர் பலருக்கு நினைவிருக்கும். அது ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படையன்று. இரு அரசுகளின் உடன்பாட்டால் சென்ற படை. எனினும் அயல்நாட்டுப் படை அமைதியின் பெயரால் ஓர் ஊரில் தங்கும்போது அவ்வூர்ப் பெண்களுக்கு நேர்வது என்ன என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

அக்கேள்வியை அப்போரின் நடுவிலேயே கேட்டவர் ஒரு தமிழ்ப் பெண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜனி திராணகம அவர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறிதரன் ஆகிய ஆசிரியர் மூவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலே ‘முறிந்த பனை’. அதிலே பெண்களின் அனுபவங்களைப் பற்றிய பகுதி ராஜனியுடையது. படையினரின் பலாத்காரத்துக்கு உள்ளான பெண்களை அவர் தேடிச் சென்றார், அவர்கள் சொன்னதைக் கேட்டார், கேட்டதை எழுதினார். படை செய்த கொடுமையோடு அவர் நிற்கவில்லை. அப்பெண்களை நம் சமூகமே ‘கெட்டுப்போனவள்’ என ஒதுக்கிய இரண்டாவது கொடுமையையும் அதே பேனாவால் எழுதினார். இயக்கங்களின் குற்றங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆகவே எந்தத் தரப்புக்கும் அவர் உவப்பானவராக இல்லை. 1989 செப்டம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில், திருநெல்வேலியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.

உலகம் இப்பொருளை ஆராயத் தொடங்கியது அதற்குப் பின்னரே. கம்போடியாவில் 1992, 1993ஆம் ஆண்டுகளில் ஐ.நா. படை தங்கியிருந்தபோது புகார்கள் எழுந்தன. போரிற் சிக்கிய குழந்தைகளைப் பற்றி 1996இல் கிராசா மாஷேல் அம்மையார் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கை, ஆய்ந்த 12 நாடுகளில் ஆறில், அமைதிப்படை வந்தபின் சிறுமியர் விலைமாதராக்கப்படுவது விரைந்து பெருகியதைக் காட்டியது. 2003இல் ஐ.நா. தலைமைச் செயலர் விதியொன்று பிறப்பித்தார். பதினெட்டு வயது நிரம்பாதவரோடு உறவு அறவே கூடாது; பணமோ வேலையோ பொருளோ கொடுத்து உறவு கொள்ளலும் கூடாது. ஒருவரின் இயலாமையைத் தன் வலிமையாக்கிக் கொள்வதே சுரண்டல் என அவ்விதி வரையறுக்கிறது. ‘சுரண்டல்’ என்ற நம் சொல் அவ்விடத்தில் கனகச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு, மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் சிறிது மகிழ்ந்ததும் உண்டு.

விதி வந்தபின்னும் வழக்கம் மாறிற்றா? லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் இளம்பெண்களிடையே நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. பாதிக்கு மேற்பட்டோர் பணத்துக்கோ பொருளுக்கோ உறவுக்கு இணங்க நேர்ந்தவர்கள். அவர்களுள் நூற்றுக்கு 75க்கும் மேற்பட்டோர் ஐ.நா. பணியாளரோடு அவ்வாறு இணங்கியவர்கள். ஹைத்தி நாட்டு ஆய்வோ இன்னும் நெஞ்சைத் தொடுவது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்துச் சபீனா லீயும் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துச் சூசன் பார்ட்டெல்சும் 2017இல் சுமார் 2,500 பேரிடம் கதை கேட்கச் செய்தனர். பாலியல் கொடுமையைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை. படை தங்கியிருந்த காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று மட்டுமே கேட்டனர். அவ்வாறு கேட்டும், 265 கதைகள் படையினருக்குப் பிறந்து, தந்தையின்றி வளரும் குழந்தைகளைப் பற்றியவையாக இருந்தன. நாடு திரும்பிய தந்தையரிற் பெரும்பாலோர் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

அதே ஹைத்தியில் பணியாற்றிய இலங்கைப் படையினர் 108 பேரை 2007 நவம்பரில் ஐ.நா. திருப்பி அனுப்பியது. ஒன்பது குழந்தைகளைச் சீரழித்ததில் 134 இலங்கைச் சிப்பாய்களுக்குப் பங்கு இருந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல் வெளிக்கொணர்ந்தது. ஒருவரும் சிறை செல்லவில்லை என்றும் எழுதியது. நம்மவரும் புகாருக்கு அப்பாற்பட்டவர் அல்லர்: காங்கோவில் பணியாற்றிய இந்தியப் படையினர் மீது புகாருக்கு முகாந்திரம் உண்டென 2008இல் ஐ.நா. அறிவித்தது.

ஏன் தண்டனை அரிதாகிறது? படைவீரன் எந்நாட்டில் குற்றம் புரிந்தாலும் அவனை விசாரிக்கும் உரிமை அவனை அனுப்பிய நாட்டுக்கே உரியது. ஐ.நா. செய்யக்கூடியது அவனைத் திருப்பி அனுப்புவது ஒன்றே. சாட்சி ஒரு கண்டத்தில். நீதிமன்றம் வேறொரு கண்டத்தில். குற்றம் நடந்த நாட்டிலேயே இராணுவ நீதிமன்றம் கூடவேண்டும் என ஜோர்டான் நாட்டு இளவரசர் செயித் 2005இல் பரிந்துரைத்தார். அது எழுதியது எளிது. படை அனுப்பும் நாடுகளை இசையச் செய்வதுதான் எளிதன்று.

நமது தொழிலோடு ஒட்டிய செய்தி ஒன்றும் உண்டு. பல்லாண்டுகளாக இக்குற்றத்தைக் ‘கற்பழிப்பு’ என்றே மொழிபெயர்த்து வந்தோம். குற்றம் செய்தவன் ஒருவன். இழப்பை மட்டும் பெண்ணின் மேல் எழுதிவைக்கிறது அச்சொல். ராஜனியின் பக்கங்களைப் படித்தபின் அதனை எழுதக் கை எழவில்லை. ஈழத்தார் வழங்கும் ‘வல்லுறவு’ என்ற சொல்லையே இப்பொழுது எழுதுகிறோம்.

அம்மையாரிடம் அந்நூலைத் தயக்கத்தோடு கொடுத்தோம். அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அவ திருநெல்வேலி. எங்கட ஊர் கொக்குவில், பக்கத்து ஊர்தான்” என்றார். பிறகு நூலை மடியில் வைத்துக்கொண்டு, 1987 அக்டோபரில் தம் தமக்கை வீட்டில் நடந்ததை முதன்முறையாகச் சொல்லத் தொடங்கினார்.